அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பணம்: புதிதாக நுழையும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக (அமெரிக்க) ஃபுட்பால் வீரர் ஏ.ஜே. கிரீன், தான் அணிந்து ஆடிய சட்டை ஒன்றை 1,000 டாலருக்கு விற்றார். அதற்காக அவருக்கு 4 ஆட்டங்கள் தடை. 2025 ஜூலை 1 முதல் அதே பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரி இப்படிக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு 2025-26 கல்வியாண்டின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இடையில் நடந்தவை மூன்று. 2021 ஜூனில், வீரர்களுக்குக் கல்லூரி தரும் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு இருந்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 9-0 என்று தீர்ப்பளித்தது. அடுத்த பத்து நாளில், 2021 ஜூலை 1 அன்று, மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை வந்தது, எல்லோரும் என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான். 2025 ஜூன் 6-ல், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். கல்லூரியே பணம் கொடுக்கும் வழி அதோடு திறந்தது.

ஆகவே இன்று 9 முதல் 12-ஆம் வகுப்புக்குள் இருக்கும், நன்றாக ஆடும் பிள்ளைக்குப் பணம் நான்கு இடங்களிலிருந்து வரலாம்: விளையாட்டு உதவித்தொகை, கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் வருவாய்ப் பங்கு, வெளியார் தரும் என்.ஐ.எல்., கடைசியாகத் தொழில்முறை ஒப்பந்தம். எந்தத் தொகையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கொடுப்பவர் யார்? எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? எந்தச் சூழ்நிலையில் நின்றுபோகும்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதில்லை.

படி 1: தகுதியைச் சரிபார்த்தல்

என்.சி.ஏ.ஏ. கல்லூரிகள் மூன்று டிவிஷன்களாகப் பிரிந்தவை, டிவிஷன் 1 மேல்மட்டம். டிவிஷன் 1, டிவிஷன் 2 கல்லூரிகளில் ஆட என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தொடங்கிவிடுவது நல்லது. டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களும், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ.வும் (4-க்கு எண்ணும் சராசரி மதிப்பெண்) தேவை. அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். டிவிஷன் 2-க்கு 2.2 போதும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண் தகுதிக்கு இப்போது கட்டாயமில்லை. கல்லூரிச் சேர்க்கைக்குக் கேட்கலாம், அது தனி.

இங்கே அடிக்கடி நேரும் தவறு: பள்ளியில் எடுத்த பாடம் என்.சி.ஏ.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாமல் போவது. ஆன்லைனில் எடுக்கும் கோடைப் பாடங்களில் இது அதிகம். உங்கள் பள்ளியின் பெயரைப் போட்டு அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரமிருக்காது.

பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவருக்கு நேரடியாக எழுதவோ பேசவோ முடியும். அதற்கு முன் நீங்கள் மின்னஞ்சல் அனுப்பத் தடையில்லை. பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: உதவித்தொகைத் தாளைப் படித்தல்

டிவிஷன் 3 கல்லூரிகளும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. இதைக் கேட்டதும் பல பெற்றோர் அந்தக் கதவையே சாத்திவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி எல்லாம் டிவிஷன் 3 அணிகளை வைத்திருப்பவை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி, வேறிடத்தில் கிடைக்கும் கால்வாசி விளையாட்டு உதவித்தொகையைவிடப் பெரிதாக இருக்கலாம். உதவித்தொகையின் அளவைப் பார்க்காமல், அது போக உங்கள் கையிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை வைத்து ஒப்பிடுங்கள்.

டிவிஷன் 1-ல் கணக்கே மாறிவிட்டது. முன்பு ஆண்கள் டென்னிஸுக்கு ஒரு கல்லூரி மொத்தம் 4.5 உதவித்தொகைதான் தரலாம். அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆண்கள் நீச்சலுக்கு 9.9. ஹவுஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியின் தலை எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது: டென்னிஸ் 10, நீச்சல் 30, கோல்ஃப் 9, பேஸ்பால் 34, ஃபுட்பால் 105. அந்தப் பத்துப் பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்க விதி அனுமதிக்கிறது. கொடுக்கக் கல்லூரியிடம் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான இடங்களில் இல்லை. உதவித்தொகை இல்லாமல் அணியில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த வாக்-ஆன் மாணவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய இழப்பு, ஏனென்றால் இப்போது இடமே எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கல்லூரியில் சேருவதாக மாணவர் கையொப்பமிடும் தேசிய விருப்பக் கடிதம் என்ற பழைய ஏற்பாடு 2024 அக்டோபரில் ரத்தானது. இப்போது கையில் வருவது கல்லூரியின் எழுத்துப்பூர்வ நிதியுதவி ஒப்பந்தம். அதில் தேட வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு (ஓராண்டா, பல ஆண்டா), எந்தச் செலவுகள் அடங்கும், காயத்தால் ஆட முடியாமல் போனால் தொடருமா, பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும். ஓராண்டு உதவித்தொகையை அடுத்த ஆண்டு புதுப்பிக்கிறார்களா இல்லையா என்பதைக் கல்லூரி ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ மேல்முறையீடு செய்யும் உரிமை மாணவருக்கு உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் 1 கல்லூரிகள் எல்லாமே, ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு மாணவர் வெளியேறிய பிறகும் குறைந்தது 2 ஆண்டு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். முழு உதவித்தொகையில் இருந்தவர் படிப்பைப் பாதியில் விட்டுப் போயிருந்தால் 10 ஆண்டுக்குள் திரும்பி வந்து முடிக்கவும் உதவ வேண்டும். இவை எழுதப்பட்ட கடமைகள். கேட்டு வாங்குங்கள்.

அணியே இல்லாமல் போகும் அபாயமும் இப்போது உண்டு. 2025-ல் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல், டைவிங் அணிகளைக் கலைத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகம் பெண்கள் டென்னிஸை நிறுத்தியது. கல்லூரிக்குப் போய்ப் பார்க்கும்போது, "இந்த அணிக்கு அடுத்த நான்கு ஆண்டுக்கு நிதி ஒதுக்கீடு என்ன?" என்று நேராகக் கேளுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: வருவாய்ப் பங்கு ஒப்பந்தம்

2 கோடி டாலர் என்ற எண் தலைப்புச் செய்தி. அது யாருக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். ஹவுஸ் ஒப்பந்தத்தில் முன்னாள் வீரர்களுக்குத் தரும் பழைய பாக்கித் தொகைக்கு வகுத்த சூத்திரத்தையே பல பெரிய கல்லூரிகள் பின்பற்றுகின்றன: ஏறத்தாழ 75 சதவீதம் ஃபுட்பால், 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்து, 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்து, மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5. டென்னிஸ், நீச்சல், கோல்ஃப், வாள்வீச்சு ஆடும் பிள்ளைகளின் குடும்பங்கள் இந்த வரிசையில் பெரிய தொகையை எதிர்பார்த்துத் திட்டமிடக் கூடாது. வந்தால் கூடுதல், அவ்வளவே.

ஒப்பந்தம் வந்தால், கையொப்பத்துக்கு முன் சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கல்லூரியின் சட்டப் பிரிவு கல்லூரிக்காக வேலை செய்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

மாணவர் வேறு கல்லூரிக்கு மாறினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? 2025-ல், மிசூரிக்கு மாறிப்போன டேமன் வில்சன் என்ற வீரரிடம் ஜார்ஜியா பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் 3,90,000 டாலர் கேட்டு நடவடிக்கை எடுத்தது. அடிப்படை, அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இருந்த இழப்பீட்டு ஷரத்து. மாதா மாதம் சிறு தொகையாகக் கையில் வந்த பணத்துக்கு, விலகும்போது மொத்தமாகப் பொறுப்பேற்க நேரலாம் என்பதைக் கையொப்பமிடும் நாளில் பலர் கவனிப்பதில்லை.

அடுத்து, கல்லூரி தானாகத் தொகையைக் குறைக்க முடியுமா? "அணியின் தேவைக்கேற்ப", "பயிற்சியாளரின் முடிவுப்படி" போன்ற சொற்கள் இருந்தால் அந்த ஒப்பந்தம் மாணவரை மட்டும் கட்டுப்படுத்துவது. பெயர், பட உரிமை கல்லூரிக்கு மட்டுமே என்று இருக்கிறதா, மாணவர் வெளியேறியதும் அந்த உரிமை திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள்.

வாய்மொழி வாக்குக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் நெவாடா பல்கலைக்கழக லாஸ் வேகஸ் அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, அணி தொடர்ந்து 3 ஆட்டம் வென்றிருந்த நேரத்தில் விலகினார். சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்றது பல்கலைக்கழகத் தரப்பு. தீர்த்து வைக்க இருவரிடமும் தாள் இல்லை.

படி 4: வெளியார் தரும் என்.ஐ.எல்.

உள்ளூர் உணவகம், விளையாட்டுப் பொருள் கடை, கோடைப் பயிற்சி முகாம், சமூக ஊடகப் பதிவு: சிறிய விளையாட்டுகளில் உண்மையான என்.ஐ.எல். வருமானம் பெரும்பாலும் இங்கேதான். 600 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தை, கையொப்பமிட்ட 5 வேலை நாளுக்குள் என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். கல்லூரி விளையாட்டு ஆணையத்துக்காக டெலாய்ட் நிறுவனம் நடத்தும் தளம் இது. ஒரே ஆள் பல முறை சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அங்கே சோதிப்பது இரண்டு: கொடுப்பவருக்கு உண்மையான வணிகத் தேவை இருக்கிறதா, தொகை அந்த வேலைக்குப் பொருத்தமானதா. மறுத்தால் ஒப்பந்தத்தைத் திருத்தலாம், நடுவரிடம் போகலாம். பதியாமல் பணம் வாங்கினால் ஆட்டத் தகுதி போகலாம். பணம் வாங்கும் முன் பதிந்து, ஒப்புதல் வந்த பிறகு வேலையைச் செய்வதே பாதுகாப்பு.

முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லின் வீரர் சங்கம் தன் முகவர்களின் கட்டணத்துக்கு 3 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது, கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 4. என்.ஐ.எல். முகவருக்கு அப்படிப் பொதுவான வரம்பு கிடையாது, 10 முதல் 20 சதவீதம் கேட்பது சாதாரணம். அவர் கொண்டுவந்த வேலைக்கு மட்டுமே பங்கு என்று எழுதுங்கள். உதவித்தொகையிலும் கல்லூரியின் வருவாய்ப் பங்கிலும் அவருக்குப் பங்கு இல்லை என்பதையும் எழுதுங்கள். தொழில்முறை ஒப்பந்தத்தையும் அவரே பேசுவார் என்ற வரி அதில் நுழைந்தால் கல்லூரித் தகுதியே கேள்விக்குள்ளாகும். முகவர் உங்கள் மாநிலத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பல மாநிலச் சட்டங்களில் கையொப்பமிட்ட 14 நாளுக்குள் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய மாணவருக்கு உரிமை உண்டு.

எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்கும் ஒப்பந்தம் எந்தப் பெயரில் வந்தாலும் கையொப்பமிடாதீர்கள். 2022-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, என்.எஃப்.எல்.லில் சம்பாதிப்பதில் 15 சதவீதத்தை 25 ஆண்டுக்குத் தருவதாகக் கையொப்பமிட்டார். அந்தப் பங்கு வரிக்கு முந்தைய தொகையில். அடுத்த ஆண்டே அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

படி 5: விசாவை முதலில் பாருங்கள்

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முந்தியது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளை எச்-4 சார்பு விசாவில் இருந்தால் அவருக்கு வேலை அனுமதி இல்லை. எச்-4 வேலை அனுமதி அட்டை குறிப்பிட்ட சில வாழ்க்கைத் துணைகளுக்கு மட்டும், பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆகவே பள்ளியில் உடன் ஆடும் பிள்ளை உள்ளூர்க் கடைக்கு ஒரு வீடியோ செய்து 500 டாலர் வாங்கினால், அதையே உங்கள் பிள்ளையும் செய்யலாம் என்று பொருளில்லை. பணத்துக்குப் பதில் இலவசக் காலணி வாங்கிக்கொண்டு பதிவு போடுவதும் ஊதியமாகவே பார்க்கப்படலாம். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும், பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இந்தியர்களுக்கான பச்சை அட்டை வரிசையின் நீளத்தை வைத்துப் பார்த்தால், கல்லூரி முடியும் வரை இதே நிலைதான் என்று கொண்டு திட்டமிடுங்கள்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எஃப்-1-ல் நேராக வரும் மாணவருக்கு விளையாட்டு உதவித்தொகை வாங்குவதில் சிக்கல் இல்லை. அது வேலை அல்ல. என்.ஐ.எல். அப்படியல்ல. அமெரிக்க மண்ணில் நின்று விளம்பரத்தில் நடிப்பதும், பயிற்சி முகாம் நடத்துவதும், பணத்துக்குக் கையொப்பமிடுவதும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும் அபாயம் உண்டு. விடுமுறைக்கு இந்தியா வந்திருக்கும்போது இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்து இந்தியாவிலேயே பணம் பெறுவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. கல்லூரியின் வருவாய்ப் பங்கு ஊதியமா உரிமத் தொகையா என்பதில் குடிவரவுத் துறை இதுவரை தெளிவாக எதையும் எழுதித் தரவில்லை.

இன்னொரு பொறி. கல்லூரியின் விதி அமலாக்க அலுவலகம் "சரி" என்று சொன்னால் அது என்.சி.ஏ.ஏ. விதிப்படி சரி என்று மட்டுமே பொருள். உங்கள் விசா அவர்கள் பொறுப்பில் இல்லை. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தையும், கூடவே தனியாக ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் கேளுங்கள். இங்கே தவறினால் இழப்பது சில நூறு டாலர் அல்ல. நாட்டில் இருக்கும் உரிமையும் பின்னாளில் வரவேண்டிய பச்சை அட்டையும்.

படி 6: வரி

இங்கேதான் முதல் ஆண்டில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உதவித்தொகையில் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தரும் பகுதிக்கு வரி உண்டு. எஃப்-1 மாணவருக்கு அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவம் தருவார்கள். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி இந்திய மாணவர் 1040-என்.ஆர். (வரி நோக்கில் அமெரிக்கவாசி அல்லாதவரின் வரிப் படிவம்) தாக்கல் செய்யும்போது நிலையான கழிவை, அதாவது வரி இல்லாமல் விடும் குறிப்பிட்ட தொகையை, கோரலாம். மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத இந்தச் சலுகையைத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

வரி நோக்கில் அமெரிக்கவாசியாக இருக்கும் மாணவருக்கு என்.ஐ.எல்., வருவாய்ப் பங்கு இரண்டும் பெரும்பாலும் 1099 படிவத்தில் வரும். அதாவது அவர் சுயதொழில் செய்பவர். யாரும் வரி பிடித்திருக்க மாட்டார்கள். செலவு போக 400 டாலர் தாண்டினாலே 15.3 சதவீதச் சுயதொழில் வரி தொடங்குகிறது. 2025-ல் செலவு போக 30,000 டாலர் வந்த தனிநபர் மாணவரை எடுத்துக்கொள்வோம். சுயதொழில் வரி மட்டும் சுமார் 4,240 டாலர். நிலையான கழிவு 15,750 டாலர் போனபின் வரும் வருமான வரி சுமார் 1,000 முதல் 1,200 டாலர்தான். வருமான வரியை மட்டும் நினைத்து 1,200 எடுத்து வைத்தவர் ஏப்ரலில் இன்னும் 4,000-க்கு மேல் தேட வேண்டியிருக்கும். மாநில வரி இதற்கு மேல். டெக்சஸ், ஃப்ளோரிடா, டென்னசி போன்றவற்றில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, கலிஃபோர்னியாவில் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி, வரும் ஒவ்வொரு தொகையிலும் 30 சதவீதத்தை அன்றே அதில் போடுங்கள். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 ஆகிய நான்கு தவணைகளில் 1040-இ.எஸ். படிவம் வழியாக முன்வரி கட்டுங்கள். இலவசமாகக் கிடைத்த கார், கைபேசி, காலணிக்கும் சந்தை மதிப்பில் வரி உண்டு. கார் வங்கிக் கணக்கில் விழாது, வரிக்கு மட்டும் ரொக்கம் வேண்டும். ஆகவே கார் ஒப்பந்தத்தை ஏற்கும் முன் அந்தக் கணக்கைப் போடுங்கள். முகவர் கட்டணம், வழக்கறிஞர் செலவு, படப்பிடிப்புக்குப் போன பயணம் ஆகியவற்றைக் கழிக்கலாம், ரசீது வேண்டும். 2026 முதல் 1099 அனுப்புவதற்கான வரம்பு 600-லிருந்து 2,000 டாலராகிறது. படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டும் கடமை மாறாது.

கூட்டாட்சி நிதியுதவி பெறும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. விண்ணப்பம் இரண்டாண்டுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது. மாணவரின் சொந்த வருமானத்தில் பாதுகாக்கப்பட்ட தொகைக்கு மேற்பட்டதில் பாதியைக் குடும்பத்தின் சக்தியாகக் கணக்கில் எடுக்கிறது. முதலாண்டு வந்த என்.ஐ.எல். பணம் மூன்றாமாண்டு பெல் மானியத்தை (திருப்பிக் கட்ட வேண்டாத கூட்டாட்சி உதவி) குறைக்கலாம்.

சம்பாதித்த வருமானம் இருப்பதால் மாணவர் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கும் தொடங்கலாம், 2025-க்கு வரம்பு 7,000 டாலர். பத்தொன்பது வயதில் போடும் பணத்துக்கு நாற்பதாண்டு வளர நேரமிருக்கிறது. கார் வாங்கும் முன் இதைச் செய்யச் சொல்வோம்.

மாறிப்போவதற்கு முன்

2024 முதல், படிப்பில் தகுதியோடு இருக்கும் மாணவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், மாறிய உடனே ஆடலாம். ஆனால் அந்தந்த விளையாட்டுக்குரிய பரிமாற்றக் காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்ததும் பழைய கல்லூரி உங்கள் உதவித்தொகையை நிறுத்தலாம். புதிய இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முடித்த பாடங்களின் கிரெடிட்கள் எல்லாம் கூடவே வருவதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்ற விதி புதிய கல்லூரியின் பாடத்திட்டப்படி எண்ணப்படும். எந்தெந்தப் பாடத்தை ஏற்பார்கள் என்று புதிய கல்லூரியின் பதிவாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

தொழில்முறைக்குள் போனால்

என்.சி.ஏ.ஏ. ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. போகிறவர்களிலும் ஊதிய இடைவெளி பெரிது. என்.எஃப்.எல்.லில் 2025-ல் புதிய வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். முக்கிய அணிப் பட்டியலில் இல்லாமல் பயிற்சிக் குழுவில் இருப்பவருக்கு வாரம் 13,000, அந்த வாரம் அணியில் இருந்தால் மட்டும். பேஸ்பாலில் தேர்வானதும் மேல்மட்டத்துக்கு அநேகமாக யாரும் போவதில்லை: 2023-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி மைனர் லீகின் உச்சிப் படியான டிரிபிள்-ஏ-யில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 35,800 டாலர், அடிப்படியான பயிற்சி வளாகத்தில் 19,800. ஆகவே அங்கே கையொப்பத் தொகைதான் பல ஆண்டுக்கான வாழ்க்கைச் செலவு. பள்ளி முடிந்ததும் பேஸ்பால் அணியில் சேரும் பிள்ளைக்கு, பின்னாளில் படிக்கும் செலவை அணியே ஏற்கும் ஷரத்தைப் பேரத்தில் கேட்டுச் சேர்க்கலாம்.

2024-ல் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட கேட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். கல்லூரியில் இருந்தபோதே அதைவிடப் பல மடங்கு விளம்பரத்தில் சம்பாதித்தவர் அவர். கல்லூரியில் தங்கி ஆடுவதே லாபம் என்ற நிலை இன்று பல வீரர்களுக்கு உண்டு. போகலாமா, இருக்கலாமா என்று முடிவெடுக்க இரண்டு பக்கத்தின் எழுத்துப்பூர்வ எண்களையும் வரி போக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். உத்தரவாதமானது எவ்வளவு என்று பாருங்கள். தொழில்முறை வீரர் ஆடப் போகும் ஒவ்வொரு மாநிலமும் அங்கே வேலை செய்த நாள்களுக்கு ஏற்ப வரி கேட்கும். முதல் ஆண்டிலேயே பல மாநிலக் கணக்கு தெரிந்த கணக்காளர் வேண்டும். என்.எஃப்.எல். ஓய்வூதியத்துக்கு 3 தகுதிப் பருவங்கள் தேவை. இரண்டு பருவத்தோடு அணி விடுவித்தால் அந்த உரிமை வராது. அந்த நேரத்தில் எந்த அணியில், எந்த இடத்தில் சேர்ந்தால் மூன்றாவது பருவம் எண்ணப்படும் என்பதை முகவரிடம் கேட்டு, விதியின் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.